பன்றிக் காய்ச்சலுக்கு செல் கல்ச்சர் தடுப்பூசி: சேலம் பண்ணைகளுக்கு ஒத்துவருமா?

இங்கே சொல்வது பன்றிகளைத் தாக்கும் பன்றிக் காய்ச்சல், மனிதருக்கு வரும் பன்றிக் காய்ச்சல் அல்ல. பழைய லேப்பினைஸ்டு (முயலில் வளர்த்த வைரஸ்) ஊசிக்கு முயலைக் கொன்று மண்ணீரலை எடுக்கணும். ஒரு முயலுக்கு ஐம்பது டோஸ் தேறினாலே பெரிசு. இசத்நகர் ஐ.வி.ஆர்.ஐ. (இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம்) உருவாக்கிய செல் கல்ச்சர் ஊசியில், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் தயாராகும் ஊசியில், அந்தப் பாவமும் இல்லை, முயல் திசுவும் கலக்காது. பாதுகாப்பில் இதுதான் மேல்.

ஆனால் இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ். சூடு பட்டால் செத்துவிடும். சேலத்தில் வாங்கி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போகிறவர்கள், ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் கொண்டுபோகணும். மருந்துத் தூளைக் கரைக்கும் திரவமும் குளிர்ந்தே இருக்கட்டும், உறைய விடாதீர்கள். கலக்கியதை ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கணும். மிச்சத்தை நாளைக்கு வைப்பது வீண். சிரிஞ்சை ஸ்பிரிட்டில் கழுவினால் மருந்தும் போச்சு.

குட்டிக்கு அவசரப்பட வேண்டாம். ஊசி போட்ட தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்பொருள் வைரஸை அழித்துவிடும். எட்டு வாரம் வாக்கில் போடுவது நல்லது. காதுக்குப் பின்னால் கழுத்துத் தசையில், பன்றிக்கொரு ஊசிமுனை. காய்ச்சல் உள்ள பன்றிக்குப் போடாதீர்கள்.

குறை: ஊசி போட்டதையும் நோய் வந்து தேறியதையும் ரத்தப் பரிசோதனையில் பிரிக்க முடியாது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை இது தடுக்காது, அது வேறே வைரஸ். அதனால் ஓட்டல் எச்சில் தீனி போடுகிறவர்கள் நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுக்கணும்.