ஒரு மாதத்தில் கண்டெடுத்த மின்னணு நடன இசை

கடந்த ஒரு மாதமாக நான் தேடிக் கேட்ட மின்னணு நடன இசையில் என்னை முழுமையாக ஆட்கொண்டது, மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் வெளியிட்ட, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்த இசைத்தொகுப்பாகும். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303 (கீழ்த்தாயி ஒலிக்கான சிந்தசைசர் எனும் மின்னணு இசைக்கருவி), டிஆர்-808 (மின்னணுத் தாளக்கருவி), ஜூபிட்டர்-8 (விசைப்பலகை சிந்தசைசர்) ஆகிய கருவிகளைக் கொண்டு அவர் வாசித்தது, சிகாகோவில் டிபி-303-இன் நெளியும் ஒலியை மையமாகக் கொண்ட ஆசிட் ஹவுஸ் என்னும் நடன இசை பரவுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அதன் ஒலியை எட்டியிருப்பது வியப்பளிக்கிறது. 2010-இல் மறுவெளியீடு கண்ட பின்னரே உலகின் கவனம் இதன்மீது திரும்பியது.

இத்தொகுப்பில், நம் இந்தோளத்தை ஒத்த மால்கௌன்ஸ் ராகம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் டிபி-303-இன் இயல்பு, கமகத்தை நினைவூட்டும் அளவுக்கு ராகத்தோடு இசைந்துபோகிறது. மோகனத்தை ஒத்த பூபாளியும் இனிமையானதே. எனினும் தாளம் பெரிதும் மாறாததால், பத்தையும் ஒரே அமர்வில் கேட்பது அயர்ச்சி தரும். நாளுக்கு இரண்டு போதும்.

இதே மாதத்தில் வேறு இரண்டு பழைய படைப்புகளும் என்னைக் கவர்ந்தன. டோனா சம்மர் பாட, இசைத் தயாரிப்பாளர்கள் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெல்லாட்டும் மியூனிக்கில் உருவாக்கிய 1977-ஆம் ஆண்டின் 'ஐ ஃபீல் லவ்' பாடலில், மூக் சிந்தசைசரின் இடையறாத துடிப்பு இன்றும் புதிதாகவே ஒலிக்கிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர இசைக்கலைஞர் டெரிக் மே 1987-இல் தந்த 'ஸ்ட்ரிங்ஸ் ஆஃப் லைஃப்' பாஸ் எனும் கீழ்த்தாயி இழையே இல்லாமல் பியானோவாலும் தந்தியொலியாலும் ஆட வைக்கிறது; அதை நல்ல ஒலிபெருக்கியில், சற்று உரக்கக் கேளுங்கள்.