நாலரை வருஷம் ஆன மாடுலர் கிச்சன்: சிங்க்குக்குக் கீழே குனிந்து பாருங்கள்

போன வாரம்தான் சிங்க்குக்குக் கீழே இருந்த ரெண்டு கதவையும் மாற்றினேன். அன்று சாயங்காலமே தோழி போன் செய்து, "நானும் கிச்சனை இடிச்சுக் கட்டப் போறேன்டி, உனக்குச் செஞ்சவர் நம்பர் குடேன்" என்றாள். சட்டென்று பதில் வரவில்லை. அவளுக்காக யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

2021 தை மாதம் வேலை ஆரம்பித்தோம். திருச்சியில் கடப்பாக்கல் தட்டு வைத்துக் கட்டிய பழைய சமையலறை. மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினேன். மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுமே புரியவில்லை. ஒருவர் கதவு முகப்பை மட்டும் அளந்து சதுர அடிக்கு ரேட் போட்டிருந்தார். கூடை, இழுப்பறை ஓடும் சேனல், கீல் எல்லாம் தனிக் கணக்கு. இன்னொருவர் எல்லாம் சேர்த்து என்றார், ஆனால் கிரானைட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியும் அதில் இல்லை. கடைசியில் சொந்தமாக ஆசாரிகள் வைத்து வேலை செய்யும் உள்ளூர் கான்ட்ராக்டரைத் தேர்ந்தெடுத்தோம். அவர் மட்டும்தான் பிளைவுட் பற்றிக் கேட்டதற்கு "மரைன்" என்று, அதாவது தண்ணீர் தாங்கும் ரகம் என்று, மொட்டையாகச் சொல்லாமல், அதற்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 710 என்று கைப்பட எழுதிக் கொடுத்தார்.

அந்த விஷயத்தில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. பலகை வந்து இறங்கியதும் ஒவ்வொன்றிலும் முத்திரையைப் பார்த்தேன். வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து, ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவைத்தேன். பிரியவில்லை. இன்றைக்கும் சிங்க் பெட்டிக்குள் கை வைத்துப் பார்த்தால் பலகை கல் மாதிரி இருக்கிறது. மேடை உயரமும் அப்படித்தான். எல்லாருக்கும் 34 அங்குலம் வைப்போம் என்றவர், அத்தை ஐந்தடிகூட இல்லை என்றதும், அத்தையை நிற்கவைத்து முழங்கைக்கு அளவு எடுத்து 32 ஆக்கினார். மாவு பிசையும்போது தோள் வலிக்கிறது என்று அத்தை சொல்லி நாலு வருஷமாகிறது. கீழ்த்தட்டுக்குப் பதில் இழுப்பறை வைத்ததும் நல்ல முடிவு. அடுக்குக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவ வேண்டிய வேலையே இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் அந்தக் கதவுக்கு வருகிறேன்.

பாத்திரம் கழுவினால் மேடை விளிம்பில் தண்ணீர் வழியும். எல்லார் வீட்டிலும் வழியும். எங்கள் வீட்டில் அது கீழே சொட்டாது. விளிம்பை அழகாக அரைவட்டமாக இழைத்திருப்பதால், தண்ணீர் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டே கல்லின் அடிப்பக்கம் போய், அங்கிருந்து கதவின் மேல் ஓரத்தில் இறங்கும். சன்ஷேடு பூசும்போது கொத்தனார் அடியில் ஒரு கோடு விடுவாரே, மழைத்தண்ணீர் சுவருக்குப் போகாமல் அங்கேயே சொட்டட்டும் என்று, அதே கோடுதான் இங்கேயும் வேண்டும். கல்லைப் பதிப்பதற்கு முன்னால் அடிப்பக்கம் மெஷினை வைத்து ஓர் இழு இழுத்தால் வேலை முடிந்தது. பதித்த பிறகு, பெட்டிகள் மாட்டிய பிறகு, கை நுழையாது. போதாததற்குக் கதவைத் தாண்டி கல் நீட்டிக்கொண்டிருப்பது அரை அங்குலம்தான்.

ரெண்டாவது மாதமே போன் செய்து சொன்னேன். வந்து பார்த்தார். "தண்ணி பட்டா துடைக்கணும் மேடம், கிச்சன்தானே" என்றார். அதற்குள் கடைசி 10 சதவீதப் பணத்தையும் கொடுத்து முடித்திருந்தேன்.

துடைத்தேன். நாலரை வருஷமாகத் துடைத்தேன். காலையில் ரெண்டு தடவை, மத்தியானம், ராத்திரி படுக்கப் போகும் முன். விருந்தாளி யாராவது அன்போடு பாத்திரம் கழுவ வந்தால்கூட எனக்குக் கண் கதவு மேலேயே இருக்கும். அப்படியும் ரெண்டாவது ஐப்பசி மழையில், கதவு ஓரத்தில் ஒட்டும் பட்டையான எட்ஜ் பேண்ட் கிளம்பியது. பிறகு மைக்கா மேலிருந்து கீழாகப் பிரிந்து வந்தது. பிரித்துப் பார்த்த புது ஆசாரி, "பலகை நல்ல பலகைக்கா, ஒட்டினதுதான் தண்ணி தாங்காத சாதா வெள்ளைப் பசை" என்றார். அந்த விலைக்குப் பலகை வாங்கிப் போட்டுவிட்டு, தண்ணீர் படும் கதவுக்குப் பசையில் மிச்சம் பிடித்திருக்கிறார். எனக்கு அதுதான் ஆறவில்லை.

புது ஆசாரி கல்லுக்கு அடியில், கதவுக்கு முன்னால், ஒரு மெல்லிய அலுமினிய எல் (L) வடிவப் பட்டையைச் சிலிகான் வைத்து ஒட்டினார். இப்போது தண்ணீர் அந்தப் பட்டையில் நின்று நேராகத் தரையில் சொட்டுகிறது. கதவுக்கும் பட்டைக்கும் கூலிக்கும் சேர்த்து 4,800 ரூபாய். பட்டை ஒட்ட ஆன நேரம் அரைமணிகூட இல்லை. முதல் தடவை கூப்பிட்டபோதே இதைச் செய்திருக்கலாமே என்று நினைக்க நினைக்கக் கோபம்தான் வருகிறது.

தோழியிடம் சொன்னது இதுதான். போன மாதம் முடித்த கிச்சனைக் காட்டினால் போகாதே, நான் அப்படிப் போய்த்தான் மயங்கினேன். மூன்று வருஷம் ஆன ஒன்றைக் காட்டச் சொல். டார்ச் எடுத்துக்கொண்டு போ. சிங்க் கதவின் மேல் ஓரத்தை விரலால் தடவிப் பார். கிரானைட் வந்ததும் அடியில் கோடு போட்டுக் காட்டினால்தான் பதிக்க விடு. கடைசிப் பணத்தை ஒரு மாதம் சமைத்த பிறகு கொடு, இதை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்.

"அப்ப மத்ததெல்லாம் நல்லாத்தானேடி செஞ்சிருக்கார்?" என்றாள். நல்லாத்தான் செஞ்சிருக்கார். அளவு, பலகை, இழுப்பறை எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம்பர் தரவில்லை. புது ஆசாரியின் நம்பரைத்தான் கொடுத்தேன். முழு கிச்சன் அவர் செய்து நான் பார்த்ததில்லை, அதையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.