பாஸ்ட்ராப் பார்க் கல் கேபின்: குமுளியில இருந்து போய் தங்கின அனுபவம்

குமுளியில ரூம் வாடகைக்கு விடுறதுதான் நம்ம பொழப்பு, அதனால எங்க தங்கினாலும் கண்ணு முதல்ல சுவத்துக்கும் கூரைக்கும்தான் போகும். ஆஸ்டின்ல இருக்க பொண்ணுதான் டெக்சாஸ் பாஸ்ட்ராப் ஸ்டேட் பார்க்ல கல் கேபின் புக் பண்ணா. அருமைங்க! அந்த ஊர் மணற்கல்லும் மரமும் வச்சே கட்டிருக்காங்க, உள்ள குளிர்காய கல்லு அடுப்பு, பாறையே எழுந்து வீடா நின்ன மாதிரி இருக்கு. 1930கள்ல அமெரிக்கால வேலையே இல்லாத நேரம், அப்போ அதிபரா இருந்த ரூஸ்வெல்ட் 1933ல ஆரம்பிச்ச சிசிசி (வேலையில்லாத இளைஞர்களுக்கு காடு, பார்க் வேலை குடுத்த அரசு திட்டம்) திட்டத்துல சேர்ந்த இளவட்டப் பசங்க கட்டினது, மாச சம்பளம் 30 டாலர், அதுல 25 வீட்டுக்கே போயிடுமாம், படிச்சதும் மனசு கனத்துப்போச்சு. மேஜை நாற்காலி கூட பார்க்குக்குள்ளயே பட்டறை போட்டு செஞ்சிருக்காங்க. 2011 தீயில பைன் காடு கிட்டத்தட்ட முழுசும் எரிஞ்சும் கேபின்களை தீயணைப்புக்காரங்க காப்பாத்திட்டாங்க. நம்ம வண்டிப்பெரியார் பக்கம் பழைய கல் பங்களா வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இடிச்சு டைல்ஸ் ஒட்டாதீங்க, அப்படியே பழுது பாத்து வாடகைக்கு விடுங்க, ஆள் வரும். பாஸ்ட்ராப் கேபின்ல கிச்சன், ஏசி எல்லாம் இருக்கு. சனி ஞாயிறுன்னா ரொம்ப முன்னாடியே புக் பண்ணிடுங்க.