மயில் காசு, நீரோ காசு: ரோமானிய நாணயப் பெட்டி வாங்குவோர் கவனத்துக்கு

லண்டனில் இருந்துகொண்டு இணையத்தில் பழைய ரோமானிய நாணயம் வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மரப்பெட்டி, உள்ளே கருநீல வெல்வெட், அதில் ஐந்து குழி, ஐந்து காசு. ஒவ்வொன்றுக்கும் ‘இந்தப் படத்தின் பொருள்’ என்று ஒரு சின்ன அட்டை. மொத்தம் 475 பவுண்ட். விற்றவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதியும் பயனில்லை, கடைப்பெயர் அடிக்கடி மாறுகிறது. பெட்டிதான் மாறுவதில்லை.

ஐந்தில் இரண்டு முழுப் போலி. மூன்று அசல்தான். அந்த மூன்றில் இரண்டுக்கு விலை அநியாயம், ஒன்றுக்குக் கதை அநியாயம்.

கதை அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மயில் காசு, தெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு. ஒரு பக்கம் உச்சிக்கொண்டையில் முத்துச்சரம் சுற்றிய ஒரு சீமாட்டியின் முகம். மறுபக்கம் நிதானமாக நடந்துபோகும் மயில், சுற்றிலும் ‘கான்செக்ராத்தியோ’ என்ற எழுத்து. அட்டையில் இருந்தது இது: ‘அழகு, செல்வம், இல்லற இன்பம் ஆகியவற்றின் சின்னம். திருமணப் பரிசுக்கு மிக ஏற்றது.’ தங்கையின் கல்யாண நாளுக்குக் கொடுக்கத்தான் வாங்கினேன். போனில் பேசியபோது, “மயில் உங்கள் கடவுளின் வாகனம் அல்லவா?” என்று விற்றவரே எடுத்துக்கொடுத்தார். பழனிக்குக் காவடி எடுக்கிற குடும்பத்தில் அந்தப் பேச்சு எடுபடாமல் போகுமா?

அது கருமாதிக் காசு. முகம் அன்டோனினஸ் பயஸ் என்ற பேரரசரின் மனைவி ஃபௌஸ்டினாவுடையது. அவர் 140ஆம் ஆண்டு வாக்கில் இறந்ததும் ரோமானிய செனட் அவரைத் தெய்வமாக அறிவித்தது. ‘கான்செக்ராத்தியோ’ என்பதன் பொருள் அதுதான். மயில் ஜூனோ தேவியின் பறவை. இறந்த அரசியின் உயிரை வானுலகுக்குக் கொண்டுபோவதாகக் காட்ட அதைப் போட்டார்கள். பேரரசர் இறந்தால் ஜூபிட்டரின் கழுகு. சில காசுகளில் அடுக்கடுக்காகக் கட்டிய சிதையே இருக்கும். அன்டோனினஸ் அதற்குப்பின் 20 ஆண்டு ஆண்டார், கடைசிவரை மனைவி பெயரில் காசு அடித்தார், அவர் பெயரிலேயே ஏழைச் சிறுமிகளுக்கு ஒரு அறக்கட்டளையும் வைத்தார். அந்த வகையில் மனதைத் தொடுகிற காசுதான், மறுக்கவில்லை. அதற்காகத் திவசத்துக்குப் பொருத்தமானதைக் கல்யாண நாளுக்குக் கொடுக்க முடியுமா? நல்லவேளை, பார்சல் கோயம்புத்தூருக்குப் போகவில்லை.

கல்யாணத்துக்கு ஏற்ற காசு ரோமில் இல்லாமல் இல்லை. இதே அன்டோனினஸும் ஃபௌஸ்டினாவும் கைபிடித்து நிற்கும் பெரிய செஸ்டெர்ஷியஸ் காசு ஒன்று உண்டு. ஆனால் கைகோத்த படம் என்றாலே ஒற்றுமை என்றும் எண்ணிவிட வேண்டாம். நீரோவுக்குப் பின் 68–69இல் பேரரசர்கள் மளமளவென்று மாறி, படைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட காலத்தில்தான் ‘படைகளின் விசுவாசம்’ என்ற எழுத்தோடு இரண்டு கைகள் கோத்த காசுகள் வந்தன. சண்டை முற்றிய வீட்டு வரவேற்பறையில்தான் குடும்பப் படம் பெரிதாக மாட்டியிருக்கும், அதுபோல. ரோமானியக் காசு எதையாவது உரக்கச் சொன்னால் அது அப்போது குறைவாக இருந்தது என்று சந்தேகப்படுவது என் வழக்கம்.

சரி, விலை அநியாயம் இரண்டையும் சீக்கிரம் முடிக்கிறேன். ஒன்று ஓநாய்க் காசு. ரோமுலஸ், ரீமஸ் குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் ஓநாய், மேலே இரண்டு நட்சத்திரம். ‘ரோம் பிறந்ததன் நினைவு நாணயம், முன்புறம் தலைக்கவசத்துடன் கான்ஸ்டன்டைன்’ என்றது அட்டை. முன்புறம் இருப்பது பேரரசரே இல்லை, ரோமா தேவி. 330இல் கான்ஸ்டான்டினோபிள் புதிய தலைநகராகத் திறக்கப்பட்டபோது, பழைய நகருக்கும் மரியாதை குறையவில்லை என்று காட்ட அடித்தது. பல ஊர் அச்சுச்சாலைகளில் மலைமலையாக அடித்துத் தள்ளினார்கள். இன்றைக்கும் சாதாரண நிலையில் உள்ள ஒன்று 20 பவுண்டுக்குக் கீழே கிடைக்கும். எனக்கு 95. இன்னொன்று, குதிரையோடு சரிந்து விழும் பகைவனை ரோமானியச் சிப்பாய் ஈட்டியால் குத்தும் செப்புக்காசு. 348க்குப் பின் வந்த இதுவும் சந்தையில் கொட்டிக்கிடக்கிறது. இதற்கும் 95.

இப்போது நீரோ. பெட்டியின் நடுக்குழியில் ராஜமரியாதையோடு உட்கார்ந்திருந்தது இதுதான். முன்புறம் தடித்த கழுத்து நீரோவின் தலை. பின்புறம் வெற்றிச் சின்னமாக நட்ட மரக்கட்டையில் பகைவரின் கவசமும் ஆயுதமும் தொங்க, கீழே தரையில் தலையைக் கையில் தாங்கி ஒரு பெண் உட்கார்ந்து அழுகிறாள். அடியில் ‘யூதேயா’, எருசலேம் இருந்த யூதர் நாட்டின் பெயர். பார்க்க மிக நேர்த்தி. ‘நீரோவின் யூதேயப் போர் வெற்றி, மிக அரியது’ என்றது அட்டை. அரியதுதான். அப்படியொரு காசை நீரோ அடிக்கவே இல்லை.

விற்றவர் இதற்கும் பதில் வைத்திருந்தார். “யூதேயப் போர் நீரோ காலத்தில்தானே தொடங்கியது? வெஸ்பாசியனைத் தளபதியாக அனுப்பியதே நீரோதானே?” என்றார். இரண்டும் உண்மை. இப்படிப் பாதி உண்மையைப் போட்டுத்தான் இவர்கள் காதில் பூச்சுற்றுவது. போர் 66இல் தொடங்கியது, நீரோ 68 ஜூனில் செத்துப்போனார், எருசலேம் விழுந்தது 70இல். அழும் யூதேயா காசில் ஏறியது வெஸ்பாசியன் 69இன் கடைசியில் ஆட்சியைப் பிடித்த பிறகுதான். அதற்குக் காரணமும் உண்டு. வெஸ்பாசியன் ராஜ குடும்பத்தில் பிறந்தவர் இல்லை, சொந்த நாட்டுப் படைகளை வென்று நாற்காலியில் உட்கார்ந்தவர். ரோமானியன் ரோமானியனை வென்றதைக் காசில் போட்டுப் பெருமையடிக்க முடியாது. வெளியே ஒரு வெற்றி வேண்டும். யூதேயா அதற்கு உதவியது. அவரும் மகன் டைட்டஸும் பேரீச்சை மரம், கைகட்டிய கைதி, அழும் பெண் என்று அதைத் திரும்பத் திரும்ப அடித்ததன் பின்னால் இருந்த அரசியல் இதுதான்.

நீரோவின் அரசியல் இதற்கு நேரெதிர். அவருடைய காசுகளில் ஜேனஸ் என்ற ரோமானியத் தெய்வத்தின் கோவில் வரும், இரட்டைக் கதவு சாத்தியபடி. ரோமில் அந்தக் கதவு போர்க்காலத்தில் திறந்திருக்கும், எங்கும் அமைதி என்றால்தான் மூடுவார்கள். ‘நிலத்திலும் கடலிலும் அமைதி கிடைத்ததால் ஜேனஸ் கதவைச் சாத்தினார்’ என்று சுற்றிலும் எழுத்தே இருக்கும். அசல் ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். விரல் நகம் அளவுக் கதவில் தாழ்ப்பாள் வளையம், மேலே தொங்கும் மாலை எல்லாம் தெரியும். ஊருக்கெல்லாம் கதவைச் சாத்திவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், அதே நேரத்தில் அழும் கைதியைப் பின்புறத்தில் போடுவாரா? இந்தப் போலியைச் செய்தவனுக்கு அச்சு வெட்டத் தெரிந்திருக்கிறது, வரலாறு தெரியவில்லை. வாங்குபவருக்கும் தெரியாது என்ற தைரியம்தான்.

கடைசியாக டைபீரியஸ் என்ற பேரரசரின் தெனாரியஸ். பின்புறம் நாற்காலியில் ஒரு பெண், ஒரு கையில் செங்கோல், மறுகையில் கிளை. டைபீரியஸின் தாய் லிவியா, அமைதித் தேவி வடிவில் இருப்பதாகப் பலர் சொல்வார்கள். சீசருக்கு வரி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இயேசு வாங்கிப் பார்த்த காசு இந்த வகை என்று ஒரு நம்பிக்கை இருப்பதால் இதற்கு எப்போதும் கிராக்கி. வேதாகமம் ஒரு தெனாரியஸ் என்றும் அதில் சீசரின் உருவமும் எழுத்தும் இருந்தன என்றும்தான் சொல்கிறது, எந்தச் சீசர் என்று சொல்லவில்லை. ஆனால் அட்டையில் ‘இயேசு தொட்ட நாணயம்’ என்றே போட்டிருந்தது.

நான் கோயம்புத்தூர்க்காரன் என்று தெரிந்ததும், “இது உங்கள் பக்கத்துக் கரூரில் ஆற்றில் கிடைத்தது” என்று இன்னொரு அளப்பு. தந்திரமான பொய். அகஸ்டஸ், டைபீரியஸ் வெள்ளிக்காசுகள் கரூரிலும் கோவை வெள்ளலூரிலும் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. நீரோ 64இல் தெனாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார், நம் பக்கத்து வியாபாரிகளுக்குப் பழைய காசுதான் பிடித்திருந்தது என்று சொல்வார்கள். ஆனால் 100 வருடத்துக்கு மேற்பட்ட நாணயம் இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே கரூர்க் காசு என்றால் எப்போது, எந்தத் தாளோடு வெளியே வந்தது என்று கேட்க வேண்டும். கேட்டேன். “சும்மா கேள்விப்பட்டதைச் சொன்னேன்” என்று நழுவினார்.

தராசில் வைத்தால் மூன்று கிராம்கூட வரவில்லை. அசல் டைபீரியஸ் மூன்றே முக்கால் கிராமை ஒட்டி இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் டைபீரியஸின் கன்னத்தில் ஊசிமுனைக் குழிகள், வார்ப்பில் காற்றுக் குமிழி விட்டுப்போனவை. விளிம்பில் அச்சின் இரு பாதி சேர்ந்த கோடு, அதன்மேல் அரம் தேய்த்த கீறல். அப்புறம் இணையத்தில் பழைய விற்பனைப் படங்களைத் தேடினேன். இதே காசின் இரட்டை கிடைத்தது. கையால் சம்மட்டி அடித்து எடுத்த இரண்டு காசில் ஒரே அச்சு இருக்கலாம், ஆனால் ஒரே கோணலும் ஒரே விளிம்பு வெடிப்பும் இருக்கவே முடியாது. இரண்டிலும் அதே இடத்தில் அதே வெடிப்பு. ஒரு தாய்க்காசிலிருந்து வார்த்த பிள்ளைகள்.

பழசுபோலக் காட்டுவது புதிய வித்தை இல்லை. 1800களில் ஜெர்மனியில் பெக்கர் என்று பேர்போன போலி நாணயக்காரர் ஒருவர் இருந்தார். புதிதாக அடித்த காசுகளை இரும்புத்தூளோடு பெட்டியில் போட்டு வண்டியில் கட்டிக் குலுங்கக் குலுங்க ஓட்டிப்போவாராம், தேய்மானம் வரட்டும் என்று. இன்றைய ஆட்கள் பச்சைக் களிம்புக்குப் பெயின்டே அடிக்கிறார்கள். அசிட்டோன் நனைத்த பஞ்சில் பச்சை ஒட்டிக்கொண்டு வந்தால் அது களிம்பு இல்லை.

சான்றிதழ் இருக்கிறதே என்பீர்கள். பெட்டியோடும் ஒன்று வந்தது, அரக்கு முத்திரையோடு. கொடுத்தவர் யார்? விற்றவரேதான். சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் அடித்த, இரண்டு குத்துவாளும் விடுதலைத் தொப்பியும் உள்ள பொற்காசு ஒன்று 2020இல் இதே லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் ஏலம் போனது. அது யாரிடமிருந்து வந்தது என்று காட்டிய விவரமே பொய் என்று தெரிந்து, 2023இல் கிரீஸுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த உயரத்திலேயே அப்படி என்றால் 95 பவுண்ட் காசின் தாளுக்கு என்ன மதிப்பு?

பணம் விஷயம்தான் முக்கியம், கவனமாகப் படியுங்கள். பில்லில் ‘பெட்டி 475’ என்று போடாமல் ‘காசு 95’ என்று ஐந்து வரி போட்டிருந்தார். அப்போது விசித்திரமாகக்கூடத் தோன்றாது. பிரிட்டனில் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில், கிரெடிட் கார்டில் வாங்கிய பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் வங்கியும் பொறுப்பு. ஒரு பொருள் 95 என்றால் அந்தப் பிரிவு கைகொடுக்காது. இணையத்தில் வியாபாரியிடம் வாங்கியதைப் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம், ஒரு மின்னஞ்சல் போதும். அதையும் இவர் போனிலேயே “சரி, எங்கள் நிபுணரிடம் கேட்டுச் சொல்கிறேன், வேறு காசு மாற்றித் தருகிறேன்” என்று இழுத்து இழுத்தே கடத்தினார். எழுத்தில் ஒரு வரி தரமாட்டார். நீங்கள் எழுத்தில் அனுப்பிவிடுங்கள்.

மிச்சம் இருந்தது சார்ஜ்பேக், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது. அதற்குத் தொகை வரம்பு தடையில்லை. போலி என்பதற்கு வெளியாள் ஒருவரின் கடிதம் வேண்டும் என்று வங்கி கேட்டது. வேறொரு நாணய வியாபாரி இரண்டு காசையும் பார்த்து எழுதிக்கொடுத்தார். நீரோவுக்கும் டைபீரியஸுக்கும் பணம் திரும்பியது. ஓநாய்க்கும் குதிரைக்கும் வரவில்லை, அசல் என்பதால் விலை உங்கள் விருப்பம் என்றுவிட்டார்கள். மயிலை நானே வைத்துக்கொண்டேன், வெள்ளி நல்ல வெள்ளி.

வாங்கும் முன் அமெரிக்க நாணயவியல் சங்கம் நடத்தும் இலவச இணையப் பட்டியலில் பேரரசர் பெயரையும் பின்புறப் படத்தையும் சேர்த்துத் தேடுங்கள். அந்தத் தலைக்கு அந்தப் பின்புறம் இல்லையென்றால் மேலே பேசவே வேண்டாம். எடையையும் விளிம்பின் படத்தையும் கேளுங்கள். இவர் விளிம்புப் படம் கடைசிவரை அனுப்பவில்லை.

போன வாரம் அதே பெட்டி இன்னொரு கடைப்பெயரில் மறுபடி வந்திருக்கிறது. வெல்வெட் இப்போது சிவப்பு, நடுக்குழியில் அதே நீரோ, அதே அழும் பெண். காசுக்கு 99 பவுண்ட் போட்டிருக்கிறார்.