திறந்து பார்க்க விடாதவரிடம் கேம்பாய் வாங்காதீர்கள்

பெங்களூரில் பழைய கேம்பாய், பிஎஸ்பி, பிளேஸ்டேஷன் போன்ற வீடியோ கேம் மெஷின்களைத் தேடி அலைகிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். "சொந்த கலெக்‌ஷன், வீட்ல வைக்க இடமில்ல, தெரியாத ஆளுக்குக் கொடுக்க மனசில்ல, நம்ம பசங்க யாராவது எடுத்துக்கங்க" என்று ஒரு செய்தி நம் வாட்ஸ்அப் குழுக்களில் படங்களோடு சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஆளிடம் 26,000 ரூபாய் கொடுத்து வாங்கியதில் எனக்கு ஒரிஜினலாக வந்து சேர்ந்தது ஒரே ஒரு கேம் கார்ட்ரிட்ஜ். அதுவும் இருப்பதிலேயே மலிவானது. ஆளின் பெயரைப் போடப் போவதில்லை. பெயரும் சிம்மும் நாளைக்கே மாறிவிடும். அவர் ஏமாற்றுகிற முறை அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பதால் அதைத்தான் விவரமாகச் சொல்கிறேன்.

அவர் விற்றது இவை: கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி ஒன்று, அட்டைப்பெட்டி, சார்ஜர், மூன்று கார்ட்ரிட்ஜ். எஸ்பி 2003-இல் வந்தது. அதில் இரண்டு வகை உண்டு. பின்பக்க ஸ்டிக்கரில் ஏஜிஎஸ்-001 என்று இருந்தால் திரைக்கு முன்னாலிருந்து வெளிச்சம் விழும், படம் கொஞ்சம் சோகையாகத் தெரியும். 2005-இல் வந்த ஏஜிஎஸ்-101-இல் வெளிச்சம் திரைக்குப் பின்னாலிருந்து வரும், நிறம் பளிச்சென்று இருக்கும். கலெக்டர்கள் துரத்துவது இரண்டாவதைத்தான். விலையும் அதற்கேற்றபடி ஏறும். கார்ட்ரிட்ஜ்களில் போக்கிமான் எமரால்டு, போக்கிமான் ஃபயர்ரெட், அப்புறம் ஜப்பான் பதிப்பு மேரியோ கார்ட். கேம்பாய் அட்வான்ஸுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது என்பதால் ஜப்பான் கார்ட்ரிட்ஜும் எல்லா மெஷினிலும் ஓடும்.

இந்திரா நகர் மெட்ரோவுக்குப் பக்கத்தில் தர்ஷினி என்கிற சின்ன ஹோட்டல் ஒன்றில் சந்தித்தோம். நாற்பது வயதிருக்கும். மதுரைப் பக்கம் என்றார். எடுத்த எடுப்பிலேயே "தம்பி" என்றார், காபிக்குக் காசும் அவரே கொடுத்தார். பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது எல்லாமே மெத்துத்தாளில் சுற்றியிருந்தன. அந்தப் பாசாங்கைப் பார்த்தால் யாருக்குமே சந்தேகம் வராது.

போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஓடின. சேவ் செய்து, அணைத்து, மறுபடி போட்டேன். சேவ் அப்படியே இருந்தது. "உள்ள சர்க்யூட் போர்டைப் பார்க்கலாமா அண்ணா?" என்று கேட்டேன். உடனே அவரே ஒரு ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார். மூன்று இதழ் முனையுள்ள இந்தத் திருப்புளி இல்லாமல் கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜைத் திறக்க முடியாது, அதைக் கையோடு கொண்டு வருகிற ஆள் விஷயம் தெரிந்தவராகத்தானே இருப்பார். "இந்த மேரியோ கார்ட்டைத் திறந்து பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க" என்றார். பார்த்தேன். போர்டில் கேம்பாய் கம்பெனியான நின்டெண்டோவின் பெயர் அச்சு, சுத்தமான சால்டரிங், சந்தேகமே இல்லாத ஒரிஜினல். எமரால்டைக் கையில் எடுத்ததும் குரல் மாறிவிட்டது. "அது மட்டும் வேணாம். இத்தனை வருஷத்துல ஒருத்தனும் திறக்காத பீஸு. ஸ்க்ரூல ஒரு கீறல் விழுந்தா மதிப்பு பாதி போயிடும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பட்டுச்சேலை அடுக்கில் மேலே இருக்கிற ஒன்றை மட்டும் நூல் உருவி எரித்துக் காட்டிவிட்டு மற்றதை மடிப்புக் கலையாமல் கட்டிக் கொடுக்கிற வியாபாரம் இது. அந்த மேரியோ கார்ட் எனக்கு விற்பதற்காக வந்தது என்பதைவிட, திறந்து காட்டுவதற்காக வந்தது என்பதே சரி.

"திறந்தால் மதிப்பு போய்விடும்" என்பது எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஆக்‌ஷன்ஸ் ஏலத்தில் சூப்பர் மேரியோ 64-இன் சீல் பிரிக்காத பெட்டி ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கப்புறம் பரணில் கிடக்கிற எல்லாப் பொருளுக்கும் ஒரு புது விலை வந்துவிட்டது, சீல், கிரேடிங் என்ற பேச்சும் கூடவே வந்தது. ஆனால் அந்த விதி கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை பிரியாத பெட்டிக்குத்தான். பெட்டியே இல்லாமல் தனியாகக் கைமாறுகிற கார்ட்ரிட்ஜின் பின்னால் இருக்கிற ஒற்றை ஸ்க்ரூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எமரால்டுக்குள் கடிகாரத்துக்காக ஒரு பேட்டரி இருக்கிறது, அதைக் கலெக்டர்கள் திறந்து மாற்றுவது வழக்கம். சரியான ஸ்க்ரூடிரைவர் போட்டால் கீறல் விழாது, விலையும் இறங்காது.

வீட்டில் அக்கா பையன் ஃபயர்ரெட்டை எடுத்துக்கொண்டான். கேமில் ஜிம் என்கிற கட்டங்களில் நான்கை முடித்திருந்தான். ஒரு நாள் காலை போட்டால் 'நியூ கேம்' மட்டும்தான் வந்தது, சேவ் போயே போய்விட்டது. அவன் அழுத அழுகையை விடுங்கள். விற்றவருக்குப் போன் போட்டேன். பதில் தயாராக இருந்தது: "இருபது வருஷத்துச் சாமான் தம்பி, உள்ள பேட்டரி செத்திருக்கும். எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைல அம்பது ரூபாய்க்கு மாத்திக் கொடுப்பான்."

ஒரிஜினல் ஃபயர்ரெட்டில் பேட்டரியே கிடையாது.

அவருக்கு அது தெரிந்திருந்தால் வேறு பொய் சொல்லியிருப்பார். போக்கிமான் கேம்களில் ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றிலும் கேமுக்குள் ஓடுகிற கடிகாரத்துக்காக பேட்டரி வைத்திருக்கிறார்கள். 2004-இல் வந்த ஃபயர்ரெட்டிலும் லீஃப்கிரீனிலும் கடிகாரம் இல்லை, அதனால் பேட்டரியும் இல்லை. ஐந்திலுமே சேவ் உட்காருவது பேட்டரி இல்லாமலே அழியாத ஃபிளாஷ் மெமரியில். எமரால்டில் பேட்டரி தீர்ந்தால், போடும்போது அதைச் சொல்லி ஒரு அறிவிப்பு வரும், கேமில் நட்ட பெர்ரிச் செடி வளராது, நேரத்தைப் பொறுத்து நடப்பவை நின்றுவிடும், அவ்வளவுதான். சேவ் அப்படியே இருக்கும். டூப்ளிகேட் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஃபிளாஷுக்குப் பதில் விலை குறைந்த எஸ்ரேம் சிப்பை வைத்து, அதன் நினைவு அழியாமல் இருக்க ஒரு பட்டன் பேட்டரியை ஒட்டிவிடுகிறார்கள். பேட்டரியில் சார்ஜ் இருக்கிற வரைக்கும் சேவ் இருக்கும். தர்ஷினியில் உட்கார்ந்து நீங்கள் எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் அது பாஸ் ஆகும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்துத்தான் குட்டு உடையும். அதற்குள் விற்றவர் சிம்மை மாற்றியிருப்பார்.

ஃபயர்ரெட்டைத் திறந்தேன். இருக்கவே கூடாத பேட்டரி இருந்தது, காலில் சால்டர் உருண்டையாகத் திரண்டிருந்தது. எமரால்டுக்குள் சிப்பே கண்ணுக்குத் தெரியவில்லை, போர்டின் நடுவில் தார்ச்சொட்டு மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. நின்டெண்டோ என்ற அச்சு இரண்டிலும் இல்லை. எமரால்டின் ஷெல் மட்டும் நல்ல பச்சை, கண்ணாடி போல உள்ளே தெரிகிற ரகம், லேபிளும் மினுங்கியது. வெளி வேலைக்கு அவ்வளவு கவனம் எடுத்திருக்கிறார்கள்.

எஸ்பி மெஷினை எஸ்.பி. ரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். அல்சூர்க்காரர், மொபைல் போர்டு வேலை பார்ப்பவர். மூடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். "சட்டை புதுசு, கண்ணும் புதுசு, உடம்பு மட்டும் பழசு சார்." ஏஜிஎஸ்-001 போர்டை எடுத்து, சந்தையில் தனியாகக் கிடைக்கிற ஐபிஎஸ் என்கிற புது வகைத் திரையை மாட்டி, புது ஷெல்லில் வைத்து, பின்னால் 101 என்று அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். ஐபிஎஸ் திரை மோசமில்லை. உண்மையில் 101-இன் திரையைவிடப் பிரகாசமானது, நானே ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளக்கூடியதுதான். அதை "கை படாத ஒரிஜினல்" என்று சொல்லி அந்த விலைக்கு விற்றதுதான் மோசடி. வித்தியாசம் காண ஒரு வழி இருக்கிறது. பட்டன்கள் இருக்கிற கீழ்ப்பாதியில், மூடியின் கீலுக்குப் பக்கத்தில் நடுவில் இருக்கிற வெளிச்சப் பட்டனை அழுத்துங்கள். 001 என்றால் விளக்கு முழுதாக அணையும். ஒரிஜினல் 101 என்றால் இரண்டே நிலை, குறைவும் அதிகமும், அணையவே அணையாது. அதைத் தாண்டி மூன்று, நான்கு, ஐந்து என்று படிப்படியாக ஏறினால் திரை மாற்றப்பட்டிருக்கிறது. என்னிடம் காட்டும்போது வெளிச்சத்தை முழுசாக வைத்து, "பட்டன் கொஞ்சம் லூஸு, அழுத்தாதீங்க" என்று அதற்கும் ஒரு கதை வைத்திருந்தார். பேட்டரியில் 850 எம்ஏஎச் என்று போட்டிருந்தது. எஸ்பியோடு நின்டெண்டோ கொடுத்தது 600.

இரண்டாம் முறை பேசும்போது பேட்டரியே இல்லாத கேமில் பேட்டரி எப்படிச் செத்தது என்று கேட்டேன். கொஞ்சம் தடுமாறிவிட்டு, "போன வருஷம்தானே நானே புதுசு போட்டேன்" என்றார். "திறக்காததுன்னு வாட்ஸ்அப்ல எழுதியிருந்தீங்களே அண்ணா?" அதோடு போன் கட். அப்புறம் பிளாக்.

பணம் போனது யுபிஐ வழியாக. யுபிஐயில் நாமே பின் போட்டு அனுப்பிய பணத்தை ஆப்பில் ஒரு பட்டனை அழுத்தித் திரும்ப எடுக்க முடியாது. சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்தேன், சைபர் கிரைம் தளத்திலும் பதிந்தேன், எண் கொடுத்தார்கள். ஸ்டேஷனில் நேரில் பார்த்து, பொருளைக் கையில் வாங்கிக்கொண்டுதானே பணம் கொடுத்தீர்கள், இது கொடுக்கல் வாங்கல் தகராறு என்றார்கள். பொய் சொல்லி ஏமாற்றிப் பொருளை விற்றால் அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் வருகிறது என்று எழுத்தில் கொடுத்த பிறகு மனுவை வாங்கிக்கொண்டார்கள். "ஒரிஜினல், ஏஜிஎஸ்-101, திறக்காதது" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தது அங்கேதான் உதவியது. வாயால் மட்டும் சொல்லியிருந்தால் என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. வாங்குவதற்கு முன்னால் இந்த மூன்று கேள்வியையும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆள்கள் நம்மிடம் இவ்வளவு சுலபமாக விற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நம்மில் பலர் சின்ன வயதில் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜைத் தொட்டதே இல்லை. டிவி கேம் என்று வாங்கிக் கொடுத்தது நின்டெண்டோவின் பழைய டிவி கேம் மெஷினான ஃபேமிகாமின் நகல், அதில் செருகியது '9999999 இன் 1' கேசட். கான்ட்ராவும் மேரியோவும் நமக்கு வந்ததே டூப்ளிகேட்டில்தான், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரிஜினலின் எடை, லேபிளின் வழவழப்பு, பிளாஸ்டிக்கின் நிறம் எதுவும் கைக்குப் பழக்கமில்லை. டூப்ளிகேட்டை டூப்ளிகேட் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்கிறவர்களிடம் எனக்குச் சண்டையும் இல்லை. விளையாட மட்டும் வேண்டுமென்றால் அது போதும்.

ஸ்க்ரூடிரைவர் இல்லாமலே பார்க்கக்கூடியவை இரண்டு. கார்ட்ரிட்ஜைத் திருப்பி, பின்கள் இருக்கிற வாய்க்குள் சாய்வாக மொபைல் டார்ச் அடித்தால், பின்களுக்குச் சற்று மேலே போர்டில் நின்டெண்டோ என்ற அச்சு தெரிய வேண்டும். லேபிளைச் சாய்த்துப் பார்த்தால் அச்சடிக்காமல் அழுத்திப் பதித்த சின்ன எண் ஒன்று, சிலவற்றில் கூடவே ஒரு எழுத்தும், மேடு பள்ளமாகத் தெரிய வேண்டும். இப்போது நல்ல நகல்களில் இதையும் பதிக்கிறார்கள், அதனால் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். இல்லாவிட்டால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். தெரிந்தவரிடம் பழைய டிஎஸ் அல்லது டிஎஸ் லைட்டும் போக்கிமான் டைமண்ட் அல்லது பேர்லும் இருந்தால், போக்கிமான் கார்ட்ரிட்ஜைக் கீழ் ஸ்லாட்டில் செருகி, அதை அந்த டிஎஸ் கேம் அடையாளம் காண்கிறதா என்று பார்க்கலாம். நகல்கள் பெரும்பாலும் அங்கே மாட்டிக்கொள்ளும். இதெல்லாம் செய்தாலும், விலை கூடுதலான பீஸை, நீங்கள் தேர்ந்தெடுத்த பீஸை, உங்கள் ஸ்க்ரூடிரைவரால் திறந்து பாருங்கள். அவர் எடுத்து நீட்டுவதைத் திறப்பதில் பிரயோஜனமில்லை.

அதே ஆள் 'சீல் பிரிக்காத புது பிஎஸ்பி' என்றும் படம் போட்டிருக்கிறார், 3600 எம்ஏஎச் பேட்டரியோடு. பிஎஸ்பி விற்பனைக்கு வருவது 2014-லேயே நின்றுவிட்டது. முதல் மாடலோடு சோனி கொடுத்த பேட்டரி 1800, மெலிந்த மாடல்களோடு 1200. அதே அளவுக் கூட்டுக்குள் 3600 அடங்காது. வெறும் ஸ்டிக்கர்தான்.

என் எமரால்டு லேபிளின் வலது கீழ் மூலையில் பிறை வடிவத்தில் ஒரு சின்ன மடிப்பு இருக்கிறது. அவர் இப்போது வேறு எண்ணிலிருந்து போட்டிருக்கும் படத்திலும் அதே இடத்தில் அதே மடிப்பு, விலை மட்டும் ஆயிரம் ரூபாய் கூட. கார்ட்ரிட்ஜ் என் மேஜையில் இருக்கிறது, பழைய படத்தை வைத்தே அடுத்த ஆளைப் பிடிக்கிறார். அந்த மடிப்புள்ள படத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தவர்கள் இருந்தால், யுபிஐ பரிவர்த்தனை எண்ணும் உரையாடலின் ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே கொடுத்த மனுவோடு சேர்த்து ஒரே புகாராகக் கொடுக்கலாம் என்று ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள்.