செலவில்லாத தகவல் அறிதிறன் வகுப்பு: பல பருவங்கள் ஓட்டிப் பார்த்த பிறகு

எங்கள் கல்லூரி நூலகத்தில் தகவல் அறிதிறன் வகுப்பை, அதாவது தகவலைத் தேடவும் அதை நம்பலாமா என்று எடைபோடவும் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் வகுப்பை, இணையவழி நடத்துவது என் வேலை. மென்பொருளுக்கென்று தனி நிதி கிடையாது. சில ஆண்டுகளாக இலவசக் கருவிகளை வைத்தே வண்டி ஓடுகிறது.

திரைப்பதிவுக்கு ஓபிஎஸ் ஸ்டுடியோ. வாட்டர்மார்க் இல்லை, நேர வரம்பும் இல்லை. மைக் அமைப்புதான் முதலில் கொஞ்சம் படுத்தும். ஆனால் வீடியோவின் உண்மையான செலவு எடுப்பதில் இல்லை, பழசாவதில் இருக்கிறது. தரவுத்தளக்காரர்கள் தேடல் பக்கத்தை மாற்றிய மறுநாளே நம் வீடியோ வீண். அதனால் 'இந்த பட்டனை அழுத்துங்கள்' வகையறாவை எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டும் இரண்டு வரியுமாகப் பக்கத்தில் போட்டுவிடுகிறேன். தேடல் சொற்களுக்கு நடுவில் 'ஆண்ட்', 'ஆர்' போட்டால் முடிவுகள் ஏன் குறைகின்றன, கூடுகின்றன என்பது போன்ற மாறாத விஷயங்களுக்கு மட்டும்தான் வீடியோ.

எங்கள் இணையவழிப் பாடத் தளமான மூடுலுக்குள்ளேயே ஹெச்5பி என்ற ஊடாடும் பாடக் கருவி இருப்பதால், வீடியோவை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்க முடிகிறது. கைபேசியிலும் சிக்கல் இல்லை. நேரலைக்கு ஜூமின் இலவசக் கணக்கு. 40 நிமிடத்தில் அறுந்துவிடும். நூலகர்களுக்கு அந்தக் கடிவாளம் தேவைதான்!

எனக்கு மிகவும் பிடித்துப்போனது, மேற்கோள்களைச் சேர்த்து வைக்க உதவும் ஜொடெரோ. இலவசச் சேமிப்பிடம் 300 எம்பிதான், ஆனால் பிடிஎஃப் சேர்க்காமல் மேற்கோள் விவரம் மட்டும் வைத்தால் இடப் பிரச்சினையே வராது. பிழை, மோசடி போன்ற காரணங்களால் திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரையைச் சேர்த்தால் சிவப்பில் எச்சரிக்கிறது. அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பும் மாணவருக்கு அந்தச் சிவப்புப் பட்டை ஒரு மணி நேர விரிவுரைக்குச் சமம்.

பாடத்தைப் பொறுத்தவரை, ஒரு தகவல் மூலத்தை நம்பலாமா என்று பட்டியல் வைத்துச் சரிபார்க்கும், 2004-இல் வந்த க்ராப் சோதனையை விட்டுவிட்டு 2019-இன் சிஃப்ட் முறைக்கு மாறினோம். க்ராப் பட்டியலைக் கொடுத்தால், மாணவர்கள் அந்தத் தளத்தையே உற்றுப் பார்த்து எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிடுகிறார்கள். போலித் தளம்தான் பார்க்க அழகாக இருக்கும். சிஃப்ட் முறையில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியே போய், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேட வேண்டும். அப்புறம், ஏஐ உருவாக்கிய மேற்கோள்களை உண்மையானவற்றோடு கலந்து கொடுத்து, கட்டுரையின் நிலையான அடையாளமான டிஓஐ எண்ணை, அந்த எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃபில் தேடச் சொல்கிறேன். எண் உண்மையாக இருந்தும் அது வேறு கட்டுரைக்குப் போய் நிற்பதைப் பார்க்கும்போதுதான் வகுப்பு சூடுபிடிக்கிறது.

கைக்கு அடங்காதது திருத்தும் வேலை. கொள்குறி வினாவுக்கு மூடுலே மதிப்பெண் போடும். 'இதை ஏன் நம்பினீர்கள்?' என்ற பத்தியை ஆள்தான் படிக்க வேண்டும். அதைப் பருவத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்கிறேன்.