நொக்டுவா என்ஹெச்-யூ12எஸ்: தோட்டத்துச் சாலைக்கு ஏற்ற கூலர்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோவில் திருவிழாக்களை நேரலையாகக் காட்டுவது என் வேலை. மாதத்தில் ஏழெட்டு முறை என் கணினி என் மைவி காரில் ஏறும். செம்பனைக்கு நடுவே போகும் செம்மண் பாதையின் குலுக்கல், போனவர்களுக்குத் தெரியும்.

போன தீமிதியன்று, பூசாரி குண்டத்தில் இறங்கும் நேரத்தில் பிராசசரைக் குளிர்விக்கும் பழைய கூலரை போர்டில் பிடித்திருந்த பிளாஸ்டிக் ஊசி கழன்று, கணினி சூடேறி அணைந்துவிட்டது. வெளியூரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தக் காட்சி போனது போனதுதான். இன்னும் மனசு ஆறவில்லை.

புதுக் கூலர் வாங்க முதலில் ஆசைப்பட்டது இதே நொக்டுவா நிறுவனத்தின் டி15. ஆனால் விசிறிகளோடு 1,320 கிராம். கணினிப் பெட்டி நிமிர்ந்து நின்றால் அவ்வளவு எடையும் மதர்போர்டில் பக்கவாட்டாகத் தொங்கும். ஒவ்வொரு குழியிலும் நெம்புகோல் போல இழுக்கும். அதனால் வாங்கியது யூ12எஸ், 755 கிராம்தான். என் 65 வாட் பிராசசருக்கு அதுவே தாராளம். உயரம் 158 மி.மீ., வாங்குமுன் பெட்டியின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பொருத்தும் முறை. போர்டுக்குப் பின்னால் உலோகத் தகடு, முன்னால் ஸ்பிரிங் திருகுகள். நான்கு மாதமாகிறது, ஒரு திருகுகூடத் தளரவில்லை. விசிறியைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை மட்டும் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் தொட்டுப் பார்க்கிறேன்.

அப்புறம், காரில் பெட்டியைப் படுக்க வையுங்கள், மதர்போர்டு கீழ்ப்பக்கம் இருக்கும்படி. கூலர் அதன்மேல் நேராக நிற்கும்.